இலைமறை பொன்

உண்ணும் பொருளை நா சுவைப்பதற்கு முன்னரே கண் சுவைத்துவிடுகிறது. காய்கறி அங்காடி ஒன்றில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். தக்காளியின் செம்மையும், பூசணிக் கீற்றின் பொன்மையும், கத்தரியின் கருநீலமும், கீரைக்கட்டின் பசுமையும் ஓவியன் ஒருவன் தீட்டி வைத்த படம்போலத் தோன்றும். ஆனால், இவ்வண்ணங்கள் நம் கண்ணுக்கு விருந்தாவதற்காகத் தோன்றியவை அல்ல. செடிகளுக்கு அவை வாழ்க்கைக் கருவிகள். அவற்றுள் ஒன்று, உணவின் வழியாக நம் உடலுக்குள் புகுந்தபின் வேறொரு பெரும்பணியை மேற்கொள்கிறது. அப்பணி நடைபெறாவிடின் குழந்தையின் கண் ஒளியிழக்கும். அதன் உயிருக்கே ஊறு நேரும். அந்த வண்ணப் பொருளின் வரலாற்றையும், அதனை நாம் எவ்வாறு பெறல் வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

செடிகொடிகளுக்கு நிறந்தரும் பொருள்களை நிறமிகள் என்பர். இலைக்குப் பசுமை தருவது பச்சையம். நாவற்பழத்திற்கும் கத்தரிக்காயின் தோலுக்கும் கருநீலம் தருபவை அந்தோசயனின்கள். பீட்ரூட்டின் சிவப்பு இவற்றினும் வேறான ஓர் இனத்தைச் சேர்ந்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களைத் தரும் மற்றொரு பேரினம் உண்டு. அதற்குக் கரோட்டினாய்டுகள் என்பது பெயர். 1831-ஆம் ஆண்டில் வாக்கன்ரோடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் காரட்டுக் கிழங்கிலிருந்து இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். காரட்டிலிருந்து கிடைத்ததால் அது கரோட்டின் எனப்பட்டது. நம் பாடத்தின் தலைவன் இக்கரோட்டினே.

காரட்டிலும் பூசணியிலும் மாம்பழத்திலும் கரோட்டின் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆனால், அது மிகுதியாக இருக்கும் மற்றோர் இடம் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவ்விடம் பசுமையான கீரைகளே. பச்சை இலையில் மஞ்சள் நிறமி எங்கே இருக்கிறது என நீங்கள் வினவலாம். பலா மரத்தின் கீழ் உதிர்ந்து கிடக்கும் இலையைப் பாருங்கள். கிளையில் இருந்தபோது கரும்பச்சையாக இருந்த இலை, பழுத்தபின் மஞ்சளாகிவிடுகிறது. இலை முதிரும்போது பச்சையம் சிதைந்து மறைகிறது. அதுகாறும் அதனடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மறைந்திருக்கும் காயை இலைமறை காய் என்பது நம் வழக்கு. இங்கோ இலையே தன்னுள் ஒரு பொன்னை மறைத்து வைத்திருக்கிறது!

இம்மறைவை முதன்முதலில் அழகுறப் பிரித்துக் காட்டியவர் உருசிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் மிகைல் சுவெட் என்பவர். அவர் கண்ணாடிக் குழாய் ஒன்றில் சுண்ணப் பொடியை இறுக நிரப்பி, இலைச்சாற்றை அதன் வழியே வடியவிட்டார். சாறு கீழிறங்க இறங்க, அதிலிருந்த நிறமிகள் வெவ்வேறு இடங்களில் தங்கிப் பச்சையும் மஞ்சளுமாகிய பட்டைகளாகப் பிரிந்து நின்றன. 1903-ஆம் ஆண்டில் வார்சா நகரில் அவர் இம்முறையைப் பற்றி உரையாற்றினார். வண்ணப்பிரிகை என்னும் இம்முறை இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுகிறது. சுவெட் என்னும் சொல்லுக்கு உருசிய மொழியில் வண்ணம் என்றே பொருள். பெயருக்கேற்ற பணி!

இச்சோதனையை எளிய முறையில் உங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். கீரையை அரைத்து, சிறிது ஸ்பிரிட்டு சேர்த்துச் சாறு எடுத்து, அதனை ஒரு தட்டில் ஊற்றி, வெண்ணிறச் சுண்ணக்கட்டி ஒன்றை அதில் செங்குத்தாக நிறுத்துங்கள். சாறு மெல்ல மேலேறும். சிறிது நேரத்தில் பச்சைக்குத் தனியாக மஞ்சள் நிறம் பிரிந்து தோன்றுவதைக் காணலாம். ஸ்பிரிட்டு எளிதில் தீப்பற்றும். ஆதலின் ஆசிரியர் முன்னிலையில், நெருப்பில்லாத இடத்தில் இதனைச் செய்தல் வேண்டும்.

செடிக்கு இம்மஞ்சள் எதற்கு? கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைப்பது பச்சையத்தின் தொழில். அத்தொழிலுக்கு வேண்டிய ஒளியைத் திரட்டித் தருவதில் கரோட்டினாய்டுகள் துணை புரிகின்றன. ஒளி அளவுக்கு மிஞ்சிப் பாயும்போது பச்சையம் கெட்டுவிடாமல் காப்பனவும் அவையே. ஆதலின், பச்சையம் மிகுந்த இலையில் அதற்குக் காவலாகிய கரோட்டினும் மிகுந்திருக்கும். கரும்பச்சைக் கீரை சத்து மிகுந்தது என்று கூறுவதன் உட்பொருள் இதுவே. முட்டைக்கோசின் உள்ளே ஒளி படாமல் வெளுத்திருக்கும் இலைகளில் கரோட்டின் மிகக் குறைவு. ஒளி படும் புறவிதழ்களில் மிகுதி.

இனி நம் உடலுக்கு வருவோம். பகலெல்லாம் ஓடியாடி விளையாடும் குழந்தை, பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவி நடக்கிறது. எதிரில் வைத்த சோற்றுத் தட்டு அதற்குத் தெரிவதில்லை. விளக்கேற்றும் வேளையில் ஓரிடத்தில் ஒடுங்கி உட்கார்ந்துவிடுகிறது. இந்நோயை நம் முன்னோர் மாலைக்கண் என்றனர். மாலைக்கண் ஓர் எச்சரிக்கை. அதனைக் கவனியாது விட்டால் கண்ணின் வெள்ளைப் பகுதி வறண்டு, அதில் நுரை படிந்தாற்போன்ற திட்டுக்கள் தோன்றலாம். 1863-ஆம் ஆண்டில் இவற்றை விளக்கி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இவை பிட்டோ திட்டுக்கள் எனப்படுகின்றன. நோய் மேலும் முற்றினால் கருவிழியின் மேல் உள்ள தெளிந்த படலம் வறண்டு, மென்மையாகிக் கரைந்துவிடும். இவ்விறுதி நிலை சில நாள்களுக்குள்ளேயே நேர்ந்துவிடக் கூடும். மாலைக்கண்ணைத் தீர்க்க முடியும். கரைந்துபோன கருவிழியை மீட்க முடியாது.

இதற்குக் காரணம், உயிர்ச்சத்து 'ஏ' எனப்படும் வைட்டமின் ஏ உடலில் குறைந்துபோதலே. நம் கண்ணின் பின்புறத்தில் விழித்திரை உள்ளது. அதில் மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்றே கோல் வடிவ உயிரணுக்கள் அமைந்திருக்கின்றன. அவற்றுள் செவ்வூதா நிறமுடைய ஒரு பொருள் உண்டு. 1876-ஆம் ஆண்டில் பிரான்ஸ் பால் என்னும் அறிஞர், இருளில் வைத்த தவளையின் விழித்திரை செந்நிறமாக இருப்பதையும், ஒளி பட்டதும் அந்நிறம் வெளுத்துவிடுவதையும் கண்டார். ஒளியால் வெளுத்த நிறம் மீண்டும் உண்டானாலன்றி மங்கிய ஒளியில் பார்வை தொடராது. அதனை மீண்டும் உண்டாக்குதற்கு வேண்டிய மூலப்பொருள் யாது? 1933-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வால்டு என்பவர் விழித்திரையில் உயிர்ச்சத்து 'ஏ' இருப்பதைக் கண்டறிந்தார். பார்வையின் வேதியியலை ஆராய்ந்த அவருக்கு 1967-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒளியைக் காண்பதற்கும் ஒரு வண்ணப் பொருள் வேண்டும் என்பது எத்துணை வியப்புக்குரியது!

இலையிலுள்ள மஞ்சளுக்கும் கண்ணிலுள்ள இச்சத்துக்கும் உள்ள உறவு எளிதில் விளங்கிவிடவில்லை. 1913-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய மெக்காலமும் மார்கரீட் டேவிசும் வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு சத்து இருப்பதைக் காட்டினர். சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்டீன்பாக் என்னும் அறிஞர், மஞ்சள் மக்காச்சோளம் உண்ட எலிகள் நன்கு வளர்வதையும், வெள்ளை மக்காச்சோளம் உண்ட எலிகள் மெலிந்துபோவதையும் கண்டார். அப்படியானால் மஞ்சள் நிறமே அச்சத்தாகுமா? ஆகும் என்று சொல்லத் தடையொன்று இருந்தது. காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயில் அச்சத்து மிகுதியாக இருந்தது. ஆனால் அவ்வெண்ணெயின் சத்துப் பகுதியில் கரோட்டினின் நிறம் இல்லை. நிறமுள்ள பொருளும் நிறமற்ற பொருளும் ஒரே பயனைத் தருவது எங்ஙனம் என அறிஞர் மயங்கினர்.

அம்மயக்கத்தைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆராய்ந்த தாமஸ் மூர். உயிர்ச்சத்து 'ஏ' இல்லாத உணவால் நலிந்த எலிகளுக்கு அவர் கரோட்டினைக் கொடுத்தார். பின்னர் அவற்றின் ஈரலைச் சோதித்தபோது, அங்கே நிறமற்ற உயிர்ச்சத்து 'ஏ' சேர்ந்திருந்தது. 1930-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு ஐயத்தைப் போக்கியது. செடி தருவது மஞ்சள் நிறக் கரோட்டின். உடல் அதனை மாற்றித் தனக்கு வேண்டிய நிறமற்ற சத்தாக ஆக்கிக்கொள்கிறது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பால் காரர் என்பவர் இவ்விரு பொருள்களின் அமைப்பையும் கண்டறிந்தார். கரோட்டின் ஒரு நீண்ட சங்கிலி போன்றது. அதனை நடுவில் துண்டித்தால் கிடைக்கும் பாதி, உயிர்ச்சத்து 'ஏ'யின் அமைப்பை ஒத்திருக்கிறது. காரருக்கு 1937-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வுண்மைக்குரிய சான்று நம் தொழுவத்திலேயே உண்டு. பசுவும் எருமையும் ஒரே புல்லை மேய்கின்றன. பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கிறது. எருமை வெண்ணெய் வெள்ளையாக இருக்கிறது. பசு, புல்லிலிருந்து பெற்ற கரோட்டினில் ஒரு பகுதியை மாற்றாமல் அப்படியே பாலில் விடுகிறது. எருமையோ அதனை நிறமற்ற உயிர்ச்சத்து 'ஏ'யாக மாற்றிய பின்னரே பாலில் சேர்க்கிறது. ஆதலின் எருமைப்பால் வெளுத்திருப்பதனால் சத்துக் குறைந்தது என எண்ணலாகாது.

இவ்வாராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னைக் கண் மருத்துவமனையைச் சார்ந்த ரைட் என்னும் மருத்துவர், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழியைக் கரைக்கும் இந்நோயைப் பற்றி 1922-ஆம் ஆண்டிலேயே எழுதினார். நீலகிரியிலுள்ள குன்னூரில் மக்காரிசன் என்பவர் தொடங்கிய உணவு ஆராய்ச்சிக் கூடம் நம் நாட்டு உணவுகளின் சத்தை அளந்தறியும் பணியை மேற்கொண்டது. அவருக்குப்பின் அதன் தலைவரான அக்ராய்டும் ரைட்டும் சேர்ந்து, கரோட்டின் மிகுந்த செம்பனை எண்ணெயைக் கொண்டு இக்கண்ணோய்க்கு மருத்துவம் செய்ததைப் பற்றி 1937-ஆம் ஆண்டில் எழுதினர். அக்கூடம் 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறியது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனம் வெளியிட்ட உணவு அட்டவணை ஒன்றில், 100 கிராம் காரட்டில் 1,890 மைக்ரோகிராம் கரோட்டின் உள்ளது என்றும், அதே அளவு முருங்கைக்கீரையில் 6,780 மைக்ரோகிராம் உள்ளது என்றும் காணப்படுகிறது. விலை கொடுத்து வாங்கும் காரட்டைவிட வேலியோரத்து முருங்கை மூன்று மடங்குக்கும் மேலான கரோட்டினைத் தன்னுள் வைத்திருக்கிறது. அகத்தியும் அரைக்கீரையும் இவ்வகையில் முருங்கைக்கு அண்மையில் நிற்பவை.

உயிர்ச்சத்து 'ஏ' காப்பது கண்ணை மட்டும் அன்று. குடலையும் மூச்சுக்குழலையும் உட்புறம் போர்த்தியிருக்கும் மென்தோல் நலமாக இருக்கவும், உடல் நோயை எதிர்த்து நிற்கவும் அது வேண்டும். அது குறைந்த குழந்தைக்குத் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால் உயிருக்கே கேடு நேரலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த அறிஞர்களும் பிறரும் நடத்திய ஆராய்ச்சியொன்றின் முடிவு 1990-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பள்ளிப் பருவம் எய்தாத 15,419 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். ஒரு சாரார்க்கு வாரந்தோறும் சிறிதளவு உயிர்ச்சத்து 'ஏ' தரப்பட்டது, மற்றவர்க்குத் தரப்படவில்லை. ஓராண்டு முடிவில், சத்தைப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். வாரந்தோறும் கொடுத்த அவ்வளவு, உணவின் வாயிலாகவே பெறக்கூடிய அளவுதான்! பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இத்துணைப் பெரிய பயனைக் காட்டவில்லை. ஆயினும், சத்துக் குறைந்த குழந்தையை அச்சத்து காக்கும் என்பது உறுதியாயிற்று. நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டு முதல், சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை உயிர்ச்சத்து 'ஏ' மருந்து புகட்டும் திட்டம் தொடங்கப்பட்டது. ஈரல் இச்சத்தைப் பல மாதங்களுக்குச் சேமித்து வைக்க வல்லது என்பதே அதன் அடிப்படை.

இங்கே ஒரு வினா எழுகிறது. வேலியில் முருங்கையும், கொல்லையில் அகத்தியும் பப்பாளியும் வளரும் நாட்டில் குழந்தைகள் ஏன் இச்சத்தின்றி வாடினர்? வறுமை ஒரு காரணம். பாலும் முட்டையும் வாங்கப் பொருள் இல்லாமை மற்றொன்று. ஆனால், அறியாமையும் ஒரு காரணமே. கீரை குழந்தைக்குச் செரிக்காது என அஞ்சி, சோற்றையும் நீர்த்த ரசத்தையும் மட்டும் ஊட்டியவர் பலர். சத்து மிகுதியாக வேண்டிய வயதில் சத்துள்ள உணவு விலக்கப்பட்டது. பிள்ளை பிறந்ததும் தாயிடம் முதலில் சுரக்கும் சீம்பாலைக்கூட, மஞ்சளாக இருக்கிறதென்று பீய்ச்சிக் களைந்தவர் உண்டு. அம்மஞ்சள் நிறமோ கரோட்டினாய்டுகளால் வந்தது! உயிர்ச்சத்து 'ஏ'யும் சீம்பாலில் மிகுந்திருக்கிறது. தாய் தன் குழந்தைக்கு வழங்கும் முதற்செல்வத்தை மண்ணில் ஊற்றுவது எத்துணைக் கொடுமை!

கீரையைத் தட்டில் இட்டால் மட்டும் போதுமா? போதாது. 1995-ஆம் ஆண்டில் இந்தோனீசியாவின் மேற்குச் சாவகப் பகுதியில் நடந்த ஓர் ஆராய்ச்சி அறிஞரைச் சிந்திக்கச் செய்தது. பாலூட்டும் தாய்மார் சிலர்க்கு நாள்தோறும் கரும்பச்சைக் கீரைகள் தரப்பட்டன. வேறு சிலர்க்கு, கரோட்டின் சேர்த்துச் செய்த மெல்லிய ரொட்டி தரப்பட்டது. ரொட்டி உண்டவரின் குருதியில் உயிர்ச்சத்து 'ஏ' உயர்ந்தது; கீரை உண்டவரிடம் எதிர்பார்த்த உயர்வு காணப்படவில்லை. இலையிலுள்ள கரோட்டின் உயிரணுக்களின் சுவருக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது முழுவதும் வெளிவந்து உடலில் சேர்வதில்லை. உணவிலுள்ள 6 பங்கு கரோட்டினிலிருந்து ஒரு பங்கு உயிர்ச்சத்து 'ஏ' கிடைக்கும் என முன்னர்க் கணக்கிட்டனர். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அக்கணக்கைத் திருத்தி, 12 பங்கு வேண்டும் என்றது.

இதனால் கீரை பயனற்றது என முடிவு கட்டுதல் கூடாது. பூட்டைத் திறக்கும் வழியை அறிந்து உண்ணுதல் வேண்டும் என்பதே இதன் பொருள். முதல் வழி, நன்றாக வேக வைத்து மசித்தல். வெப்பமும் மசித்தலும் உயிரணுச் சுவரை உடைக்கின்றன. இரண்டாம் வழி, சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்த்தல். கரோட்டின் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கொழுப்பின் துணையின்றி அது குடலைக் கடந்து உடலுக்குள் செல்வது அரிது. கீரையை மத்தால் கடைந்து, எண்ணெய் விட்டுத் தாளிக்கும் நம் வீட்டு வழக்கம், இந்த இரண்டையும் ஒருங்கே செய்துவிடுகிறது. மூன்றாம் வழி, குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் வாராமல் காத்தல். உண்ட உணவின் சத்தை நோயுற்ற குடல் ஏற்காது. ஆதலின் தூய நீரும், கழுவிய கையும், காலணி அணிந்த காலும் கண்ணுக்குக் காவலாகும்!

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து 'ஏ' போதும் என்பர். 12 பங்குக்கு ஒரு பங்கு எனக் கொண்டால், அதற்கு 4,800 மைக்ரோகிராம் கரோட்டின் வேண்டும். முன்னர்க் கூறிய அட்டவணையின்படி, அது சுமார் 70 கிராம் முருங்கைக்கீரையில் இருக்கிறது. பால், முட்டை, மாம்பழம், பப்பாளி ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால் கீரையின் அளவு இன்னும் குறைவாகவே போதும். பழங்களின் கரோட்டின் இலையிலுள்ளதைவிட எளிதில் உடலில் சேர்வது.

கரோட்டினின் இனத்தவர் வேறு சிலரும் நமக்கு உதவுகின்றனர். முருங்கை முதலிய கீரைகளிலுள்ள லூட்டீன் என்னும் மஞ்சள் நிறமி, விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்புள்ளியில் சென்று தங்கி, கூரிய நீல ஒளியைத் தடுத்து நிற்கிறது. தக்காளிக்குச் செம்மை தருவது லைகோப்பீன். அதுவும் வேக வைத்து எண்ணெய் சேர்த்தபோதே நன்கு உடலில் சேரும். ஆனால், லூட்டீனோ லைகோப்பீனோ உயிர்ச்சத்து 'ஏ'யாக மாறுவதில்லை. பீட்ரூட்டின் சிவப்பும் கத்தரியின் நீலமும் அங்ஙனமே. ஆகவே, நிறம் உள்ளவை யாவும் ஒரே பயன் தரும் என எண்ணலாகாது. பலவகை நிறமுள்ள காய்கனிகளை மாறி மாறி உண்பதே அறிவுடைமை. கடையில் சாயம் ஏற்றி விற்கும் தின்பண்டங்களின் பகட்டான நிறத்துக்கும் இங்குக் கூறிய வண்ணங்களுக்கும் எவ்வகை உறவும் இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இத்துணை நலம் தருவது கரோட்டின் என்றால், அதனைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி விழுங்கினால் என்ன? இவ்வெண்ணம் அறிஞர்க்கும் தோன்றியது. காய்கனிகளை மிகுதியாக உண்பவர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதை அவர்கள் கண்டிருந்தனர். அக்காப்பினைத் தருவது கரோட்டினாக இருக்கலாம் என 1980-களில் பலர் நம்பினர். பின்லாந்து நாட்டில், புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு பெரியதோர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஒரு சாரார்க்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் கரோட்டின் மாத்திரை தரப்பட்டது. 1994-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில், புகைபிடிப்போரையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரையும் கொண்டு நடந்த மற்றோர் ஆராய்ச்சியில் கரோட்டினோடு உயிர்ச்சத்து 'ஏ'யும் சேர்த்துத் தரப்பட்டது. அங்கும் புற்றுநோய் 28 விழுக்காடு கூடியதால், 1996-ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

உணவில் நலம் செய்த பொருள் மாத்திரையில் தீங்கு செய்தது எதனால்? கீரையில் கரோட்டின் மட்டும் இல்லை. வேறு பல நிறமிகளும், நார்ப்பொருளும், உப்புச்சத்துக்களும் அதில் கூடியிருக்கின்றன. அன்றியும், கீரையிலிருந்து கரோட்டின் சிறிது சிறிதாகவே உடலுக்குள் செல்கிறது. மாத்திரையிலோ பேரளவு ஒரே சமயத்தில் பாய்கிறது. புகையால் புண்பட்ட நுரையீரலில் அது வேறுவிதமாக நடந்துகொள்கிறது. மேலும், காய்கனிகளை விரும்பி உண்போர் பிறவகையிலும் உடல்நலம் பேணுவோராக இருத்தல் கூடும். அவர்களது நலத்திற்கெல்லாம் ஒரு பொருளையே காரணமாகக் கொண்டது பொருந்தாது என்பதை இவ்வாராய்ச்சிகள் உணர்த்தின.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சத்துக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் அளவறிந்து தரும் உயிர்ச்சத்து 'ஏ' மருந்து கண்ணையும் உயிரையும் காப்பது. அதனை மறுத்தல் கூடாது. குறையில்லாதவர் தாமாகவே மாத்திரைகளை வாங்கி விழுங்குவதே தவறு. உயிர்ச்சத்து 'ஏ' அளவுக்கு மிஞ்சினால் நஞ்சாகும். கருவுற்ற பெண்டிர்க்கு அது பெருந்தீங்கு விளைக்கும். கீரையும் பழமும் உண்பதால் அவ்வச்சம் இல்லை. ஏனெனில், தனக்கு வேண்டிய அளவு கரோட்டினை மட்டுமே உடல் மாற்றிக்கொள்கிறது. காரட்டையோ பப்பாளியையோ அளவுகடந்து உண்பவரின் உள்ளங்கை மஞ்சளாவது உண்டு. உண்ணும் அளவைக் குறைத்தால் அந்நிறம் நீங்கிவிடும். அதனை மஞ்சட்காமாலை என்று மயங்க வேண்டுவதில்லை. காமாலையில் கண்ணின் வெண்மையும் மஞ்சளாகும்; இதில் கண் வெளுத்தே இருக்கும்.

மாணவர்களே! சுவெட்டின் கண்ணாடிக் குழாயும், மூரின் எலிகளும், குன்னூரின் ஆய்வுக்கூடமும், திருச்சிராப்பள்ளியின் சிற்றூர்களும் சேர்ந்து நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. கண்ணைக் காக்கும் பொருள் தொலைவில் இல்லை. அது நம் வேலியில் தழைக்கிறது. ஆனால், அதனை முறையறிந்து சமைத்து, குழந்தையின் தட்டில் இட்டாலன்றி அது பயன்படாது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மாலைப் பொழுதில் தடுமாறும் குழந்தையைக் கண்டால், காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெரியோரிடம் கூறுங்கள். தம்பி தங்கையர் கீரையை ஒதுக்கினால், மசித்து நெய் சேர்த்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுங்கள். வீட்டருகே ஓரடி நிலம் கிடைத்தால் ஒரு முருங்கைக் கிளையை நட்டு வையுங்கள். அதன் பசிய இலைகளுள் மறைந்திருக்கும் பொன், அந்திப்பொழுதிலும் குழந்தைகளின் கண்களில் ஒளியாக விளங்கும்.